புதுப்பித்த பழைய சைக்கிளுக்கு என்ன விலை சொல்வது?

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைச்சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். அங்கே ஒரு வீட்டில் ஓட்டாமல் நிற்கும் ராடு பிரேக் சைக்கிளுக்கு ஒரே நாளில் மூன்று விலை சொல்ல முடியும். பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு ஒரு விலை சொல்வார். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர், ஓட்டிப் பார்த்து வேறொரு விலை சொல்வார். பெங்களூரில் காபி கடை நடத்துபவரோ பழைய வண்டி சேகரிப்பவரோ படத்தைப் பார்த்து இன்னொரு விலை சொல்வார். மூன்றும் நேர்மையான விலைகள்தான். ஆனால் மூவரில் எவருக்கும் நீங்கள் அந்தச் சைக்கிளுக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பது தெரியாது, தெரிந்தாலும் அதற்காக ஒரு ரூபாய் கூட்டித் தரப் போவதில்லை. செலவைக் கூட்டி, அதன் மேல் லாபத்தை ஏற்றி விலை சொல்கிறவர்கள் பெரும்பாலும் சைக்கிளோடு தங்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். விற்கக் கூடிய விலையை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து ஒவ்வொரு செலவாகக் கழித்துக்கொண்டு வந்து, மிஞ்சும் தொகைக்குள் வாங்குவதையும் வேலையையும் அடக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

வயது வேறு, அருமை வேறு

பழைய சைக்கிள் என்றாலே அரிய பொருள் என்ற நினைப்பு முதலில் போக வேண்டும். முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று பல பெயர்களில் சைக்கிள்களை அனுப்பியது. அட்லஸ் 1951-இல் சோனிபட்டிலும், ஹீரோ சைக்கிள்ஸ் 1956-இல் லூதியானாவிலும் தொடங்கின. இவர்கள் எல்லோரும் செய்த கறுப்பு ரோட்ஸ்டர் வண்டி பத்தாண்டுக் கணக்கில் பெரிய மாற்றமில்லாமல் வெளிவந்தது. 28 அங்குலச் சக்கரம், 22 அல்லது 24 அங்குல ஃபிரேம், ராடு பிரேக், கிட்டத்தட்ட 20 கிலோ எடை. 1965-இல் வாங்கியதையும் 1985-இல் வாங்கியதையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். அதே வடிவம் இன்றும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது. அட்லஸ் நிறுவனம் தன் சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3-ஆம் தேதி மூடியது. உலக சைக்கிள் தினத்தன்று மூடப்பட்டதால் செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது, ஆனால் ஊர்களில் நிற்கும் அட்லஸ் வண்டிகளின் எண்ணிக்கை அதனால் குறைந்துவிடவில்லை. ஒரு பொருள் இனி வராது என்பது ஒன்று, இருப்பது குறைவு என்பது இன்னொன்று. விலையைத் தூக்குவது இரண்டாவது மட்டுமே, அதுவும் கேட்க ஆள் இருந்தால்.

உதிரி பாகங்களும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. 28×1½ டயர் பல நாடுகளில் தேடிப் பிடிக்க வேண்டிய சரக்கு. இங்கே அது சிறு ஊர்க் கடையிலும் தொங்குகிறது. செயின், பிரீவீல், பால்ஸ், கப்பு, கோன், கொட்டர் பின், பிரேக் கட்டை எல்லாமே சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஆகவே நின்றுபோன ரோட்ஸ்டரை ஓடவைப்பது பெரிய காரியமல்ல, ஓவராயில் தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்வார். யாரும் செய்யக்கூடிய ஒன்றுக்குக் கூடுதல் விலை கிடைக்காது. இன்றைக்குக் கடையில் வாங்க முடியாதது எது என்று பாருங்கள்: முதல் பெயிண்ட், அதன் மேல் கையால் இழுத்த பொன்நிறக் கோடு, முன்னால் இருக்கும் உலோக முத்திரை, பெயர் பொறித்த பற்சக்கரம், அழியாத ஃபிரேம் எண். வாங்குபவர் கூடுதலாகப் பணம் தருவது இவற்றுக்குத்தான்.

எந்த ஊரில் பிறந்தது?

முத்திரையில் உள்ள பெயரை மட்டும் நம்பி விலை வைப்பது இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு. ராலே என்ற பெயர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த வண்டியிலும் இருக்கும், மேற்கு வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை செய்த வண்டியிலும் இருக்கும். ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.வும் பர்மிங்ஹாமில் பிறந்த பெயர்கள், ஆனால் நம் பகுதியில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அம்பத்தூர் வண்டிகள். முத்திரையின் அடியில் இருக்கும் சிறிய எழுத்துகளைத் துலக்கி, ஊர்ப்பெயரைப் படித்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். பற்சக்கரமும் பேசும். ராலேயில் நாரைத் தலைகள், ரட்ஜில் விரித்த கை, ஹம்பரில் மனித உருவங்கள், பி.எஸ்.ஏ.வில் அந்த எழுத்துகளே வெட்டப்பட்டிருக்கும். ஹம்பரை 1932-இலும் ரட்ஜை 1943-இலும் பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவை 1957-இலும் ராலே வாங்கிக்கொண்டது. அதனால் பிந்தைய ஆண்டுகளின் ரட்ஜ், ஹம்பர் வண்டிகளில் ராலேயின் பாகங்கள் இருந்தால், யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது.

பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதன் உறையைத் துடைத்துப் பாருங்கள். ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்க எண் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் அந்த ஹப் செய்யப்பட்ட ஆண்டு. 57 என்றால் 1957. ஃபிரேமின் தோற்றமும் ஹப்பின் ஆண்டும் ஒத்துப்போனால் விலைக்கு அது ஓர் ஆதாரம். புரூக்ஸ் தோல் சீட் தனியே விற்கத்தக்க பொருள், தோல் வெடிக்காமல் இருந்தால் அதைச் சைக்கிளோடு சேர்த்துக் கொடுப்பதா, தனியாக மதிப்பதா என்று யோசிக்க வேண்டும். ஒரு காலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் சைக்கிளுக்கு ஆண்டு வரி வாங்கி உலோக வில்லை கொடுத்து வந்தன. அந்த வில்லையோ, கடைக்காரர் எழுதிக் கொடுத்த பழைய ரசீதோ வீட்டில் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, பழமைக்குச் சாட்சி சொல்ல இருப்பவை இப்படிப்பட்ட துண்டுகள்தான். சாட்சி இல்லாத பழமைக்கு வாங்குபவர் பாதி விலைதான் தருவார், அது நியாயமும்கூட.

மூன்று வாங்குபவர்கள், மூன்று உச்சம்

ஓட்டுவதற்காக வாங்குபவர் உங்கள் சைக்கிளைப் புதிய சைக்கிளோடு ஒப்பிடுகிறார். தமிழ்நாட்டில் இன்னொரு ஒப்பீடும் உண்டு. 2001-க்குப் பிறகு தொடங்கிப் படிப்படியாக விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால், பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கிடைத்த வண்டிகள் வீடுதோறும் இருக்கின்றன. படிப்பு முடிந்தபின் அவை மிகக் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. போக்குவரத்துக்கான பழைய சைக்கிளின் விலைக்கு இவை ஒரு கூரை போட்டுவிட்டன. புதிய ரோட்ஸ்டரின் கடை விலையில் பாதிக்கு மேல், அதிகம் போனால் அறுபது விழுக்காட்டுக்கு மேல், இந்த வாங்குபவரிடம் எதிர்பார்ப்பது வீண். அவருக்குத் தேவை கோட்டம் எடுத்த ரிம்மும் பிடிக்கும் பிரேக்கும். பொன்நிறக் கோடு அவருக்குப் பொருட்டல்ல.

அலங்காரத்துக்காக வாங்குபவர் இரண்டாம் வகை. உணவகம், தங்கும் விடுதி, புகைப்பட நிலையம், வீட்டு முன்கூடம் என்று அவருடைய தேவை கண்ணுக்கானது. பளபளக்கும் பெயிண்ட், துலங்கும் மணி, டைனமோ விளக்கு இருந்தால் போதும், அது ஆசன்சோலா நாட்டிங்ஹாமா என்று கேட்கமாட்டார். ஓட்டுபவரைவிடக் கூடுதலாகத் தருவார், ஆனால் அவருக்கு மாற்றுப் பொருள் நிறைய உண்டு. சைக்கிள் இல்லாவிட்டால் பழைய வானொலிப் பெட்டியையோ தையல் இயந்திரத்தையோ வைத்துவிடுவார். சேகரிப்பவர் மூன்றாம் வகை. அவர் கேள்விகள் மேலே சொன்ன முத்திரை, எண், ஆண்டு பற்றியவை. எண்ணிக்கையில் மிகக் குறைவு, விலையில் அதிகம், முடிவெடுக்க மாதங்கள் ஆகும். இந்த மூவரில் யாருக்கு விற்கப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் வேலையைத் தொடங்கினால், ஓட்டுபவருக்கு வேண்டாத முலாமும் சேகரிப்பவர் வெறுக்கும் புதுப் பெயிண்டும் ஒரே வண்டியில் சேர்ந்து, யாருக்கும் பொருந்தாத வண்டியும் பொருந்தாத விலையும் கையில் நிற்கும்.

ஓசூர்ப் பக்கத்தில் இந்த ஆபத்து கூடுதல். சிப்காட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளில் பவுடர் கோட்டிங், மணல் வீச்சு, முலாம், லேத் வேலை எல்லாம் எளிதாகக் கிடைக்கின்றன. மோட்டார் தொழிலுக்காக வந்த இந்த வசதி சைக்கிளுக்கும் கைகொடுக்கிறது, சில சமயம் கெடுக்கவும் செய்கிறது. பவுடர் கோட்டிங் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான் தடிமன் வரை ஏறும். ஃபிரேம் குழாய்களை இணைக்கும் லக் ஓரங்களின் கூர்மையும் ஃபிரேம் எண்ணும் அதன் அடியில் மங்கிவிடும். மணல் வீச்சில் முதல் பெயிண்டோடு கோடும் சின்னமும் போய்விடும், பிறகு எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அலங்காரத்துக்குப் போகும் அம்பத்தூர் வண்டிக்கு இது நல்ல வேலை. நாட்டிங்ஹாம் வண்டிக்குச் செய்தால் கைக்காசைப் போட்டு விலையைக் குறைத்துக்கொண்டதாகும். 1930-க்கு முந்தைய வண்டிகளில் நிக்கல் முலாமே வழக்கம், அதன் மேல் பளீரென்று குரோம் ஏற்றினால் அறிந்தவர் பார்த்ததும் ஒதுங்கிவிடுவார். செலவு செய்தால் மதிப்பு கூடும் என்ற எளிய நம்பிக்கை உடைவது இந்த இடத்தில்தான்.

கணக்கைத் திருப்பிப் போடுதல்

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்கானவை, உங்கள் ஊர் விலைகளைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ராடு பிரேக் வைத்த அம்பத்தூர் ஹெர்குலஸ் ஒன்றை 2,500 ரூபாய்க்கு வாங்கி, மலையிலிருந்து கொண்டுவர 600 செலவு செய்கிறீர்கள். டயர் டியூபுக்கு 900, செயின், பால்ஸ், கொட்டர் பின் வகைக்கு 700, பிரேக்குக்கு 300, முலாமுக்கு 1,500, பெயிண்டுக்கு 1,800, சீட்டுக்கு 700. இதுவரை 9,000. முப்பது மணி நேர உழைப்புக்கு மணிக்கு நூறு என்று 3,000 சேர்த்தால் 12,000. இருபது விழுக்காடு லாபம் வைத்து 14,400 என்று விலை சொல்கிறீர்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அலங்காரத்துக்கு வாங்குபவர் இதைப் போன்ற வண்டிக்கு 9,000 தான் தருவார் என்றால், இந்த 14,400-க்குக் காகிதத்தைத் தாண்டி மதிப்பில்லை.

இப்போது அதே 9,000-த்திலிருந்து கீழே இறங்குங்கள். பேரத்துக்குப் பத்து விழுக்காடு, அதாவது 900. பெங்களூருக்கு அனுப்பவும் விளம்பரத்துக்கும் 700. இருபது மணி நேரக் கூலி 2,000. லாபமும் எதிர்பாராச் செலவுக்கான கையிருப்பும் 1,000. மொத்தம் 4,600 போக, மிச்சம் 4,400. இதில் ஓடவைக்கும் பாகங்களுக்கு 1,900 கட்டாயம். முலாமையும் சீட்டுச் செலவையும் விட்டுவிட்டு, பெயிண்டை 1,000-க்குள் முடித்தால் மிஞ்சுவது 1,500. மலையிலிருந்து கொண்டுவரும் செலவு உட்பட நீங்கள் அந்த வண்டிக்குத் தரக்கூடிய உச்ச விலை அதுதான். கேட்பவர் 2,500-இல் உறுதியாக நின்றால், வணக்கம் சொல்லிவிட்டு வர வேண்டிய பேரம் அது. கீழே ஒரு தரையும் உண்டு: 20 கிலோ இரும்பு, கிலோ 25 ரூபாய் என்றால் 500. உச்சமான 1,500-இல் கொண்டுவரும் செலவு 600 போக விற்பவருக்குத் தரக்கூடியது 900. இந்தத் தரைக்கும் அதற்கும் இடையில் இருக்கும் நானூறு ரூபாய்தான் பேரம் பேசும் இடம். வண்டி விற்காமல் நிற்கும் காலத்துக்கும் விலை உண்டு. நூற்றுக்கு இரண்டு வட்டிக்குப் பணம் புரட்டியிருந்தால், முடங்கிய 4,400-க்கு மாதம் 88 ரூபாய் போகும். ஒரு வண்டிக்கு அது சிறிய தொகை, பத்து வண்டி ஆறு மாதம் நின்றால் முதலுக்கே மோசம்.

எதிர்க்கேள்விகள்

உழைப்பைக் கணக்கில் சேர்க்காத விலை ஏமாற்று விலை அல்லவா என்று கேட்கலாம். உழைப்பைச் சேர்க்கத்தான் வேண்டும். மேலே உள்ள கணக்கில் அது கழித்தல் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. கூட்டல் பக்கத்தில் வைத்தால் அந்தக் கூலியை வாங்குபவர் தருவார் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள். கழித்தல் பக்கத்தில் வைத்தால், கூலி கிடைக்காத வேலையைத் தொடங்குவதற்கு முன்பே விட்டுவிடுகிறீர்கள். கைத்தொழிலுக்கு மரியாதை செய்யும் வழி இரண்டாவதுதான். முப்பது மணி நேரம் தின்னும் வண்டியையும் பன்னிரண்டு மணி நேரத்தில் முடியும் வண்டியையும் பிரித்தறியும் கண் அப்போதுதான் பழகும்.

இணையத்தில் இதே வண்டிக்கு யானை விலை குதிரை விலை போட்டிருக்கிறதே என்பது இரண்டாவது கேள்வி. அங்கே தெரிவது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. நியாயமான விலைக்குப் போட்ட வண்டி விற்று மறைந்துவிடும், அதிக விலைக்குப் போட்டது மாதக் கணக்கில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே நாம் பார்க்கும் பட்டியல் இயல்பாகவே விற்காத விலைகளின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு மாதம் குறித்து வைத்து, எவை மறைந்தன, எவை விலை குறைந்தன என்று பார்த்தால் உண்மை விலைக்கு நெருங்கலாம். வெளிநாட்டு ஏல விலையை ரூபாயாக மாற்றிப் பார்ப்பது அதைவிடப் பெரிய மயக்கம். 20 கிலோ இரும்பைக் கடல் தாண்டி அனுப்பும் செலவு அந்த வேறுபாட்டைத் தின்றுவிடும்.

மூன்றாவது கேள்வி அறம் சார்ந்தது. மலைக்கிராமத்தில் அடிமாட்டு விலைக்கு வாங்கி நகரத்தில் உயர்த்தி விற்பதுதானே இந்தக் கணக்கின் சாரம்? சாதாரண ரோட்ஸ்டருக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. கணக்கு காட்டியபடி, இரும்பு விலையைவிடக் கூடுதலாகத் தந்துதான் வாங்க முடிகிறது, நடுவில் இருப்பது உழைப்பும் பாகமும் இடர்ப்பாடும். அரிய வண்டிக்கு வரும்போது கேள்வி உண்மையானது. நாட்டிங்ஹாம் முத்திரையைப் பார்த்துவிட்டு, பழைய இரும்பு என்று சொல்லி வாங்கி வருவது தவறு, தொழிலுக்கும் கேடு. நாட்றாம்பாளையம் போன்ற ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஒரு வீட்டை ஏமாற்றிய செய்தி அடுத்த சந்தைக்குள் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்விடும், பிறகு நல்ல வண்டி இருக்கும் வீட்டுக் கதவு திறக்காது. இதற்கு நடைமுறை வழி ஒன்று உண்டு. அரியது என்று தெரிந்தால் அதைச் சொல்லிவிட்டு, குறைந்த முன்பணம் கொடுத்து, விற்ற பிறகு ஒரு பங்கு தருவதாக எழுதிக் கொடுங்கள். உங்கள் முதலும் குறையும், அவர்கள் பங்கும் கூடும். எந்த வண்டி வாங்கினாலும் ஃபிரேம் எண்ணைக் குறித்து, விற்பவர் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். திருட்டு வண்டி இல்லை என்பதற்கு உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அது, அடுத்து வாங்குபவருக்கும் அது ஆதாரம்.

எல்லை தாண்டும்போது

வீட்டில் இருந்த சொந்தச் சைக்கிளை விற்பவருக்கு வரிக் கவலை இல்லை. தொழிலாகச் செய்பவருக்கு உண்டு. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்றால் இந்த வரம்பு பொருந்தாது, பதிவு தேவைப்படும். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம் என்பதால் இந்தப் பகுதியில் இது முதல் வண்டியிலேயே எழும் கேள்வி. பதிவு செய்தவருக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. பழைய பொருளை அதன் தன்மை மாறாத சிறு வேலைகளோடு விற்று, வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்காமல் இருந்தால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வேறுபாட்டின் மீது மட்டும் வரி கட்டலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான விகிதம் 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. இந்தக் குறைப்பு புதிய சைக்கிளின் விலையையும் இறக்கும் என்பதை மறக்கக் கூடாது, ஓட்டுபவருக்கான உங்கள் உச்ச விலையும் அதனோடு சேர்ந்து இறங்கும். மற்ற நுணுக்கங்களைக் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

விலையைச் சொல்லும் நாளில் செய்ய வேண்டியவை சிலவே. ஒரு தாளில் வண்டி பிறந்த ஊர், ஆண்டுக்கான ஆதாரம், மாற்றிய பாகங்கள், மாற்றாத பாகங்கள், தெரிந்த குறைகள் எல்லாவற்றையும் எழுதி வண்டியோடு வையுங்கள். ஃபோர்க்கில் விரிசலோ ஃபிரேமில் வளைவோ இருந்தால், இது அலங்காரத்துக்கு மட்டும், ஓட்டக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். குறையை நீங்களே சொன்னால் பேரத்தில் போவது சில நூறு ரூபாய், மறைத்து மாட்டிக்கொண்டால் போவது முழு விற்பனை. பேரத்துக்கு ஒதுக்கிய பத்து விழுக்காட்டைத் தாண்டி இறங்காதீர்கள். மூன்று மாதத்தில் உருப்படியாக ஒருவரும் கேட்கவில்லை என்றால், உச்ச விலையைத் தவறாக மதித்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வகை வாங்குபவரின் விலைக்கு வண்டியைக் கொண்டுவந்து விற்றுவிடுங்கள். அந்த இழப்பை அந்த வண்டியிலேயே ஈடுகட்ட முயல வேண்டாம். விற்ற விலையைக் குறிப்பேட்டில் ஏற்றினால், அடுத்த வண்டியை வாங்கப் போகும்போது எந்தத் தொகையிலிருந்து கழிக்கத் தொடங்க வேண்டும் என்பது ஊகமாக இருக்காது.